பெரிய எழுத்தும் பெயரின் உரிமையும்
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழ் நெடுங்கணக்கில் உயிர் உண்டு, மெய் உண்டு. குறில் உண்டு, நெடில் உண்டு. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் பாகுபாடு மட்டும் இல்லை. காவிரி என்று எழுதினாலும் ஆறு என்று எழுதினாலும் முதலெழுத்தின் வரிவடிவம் ஒரே அளவினதே. எது ஒன்றற்கு மட்டும் உரிய பெயர், எது ஓர் இனம் முழுவதற்கும் உரிய பெயர் என்பதைப் படிப்பவர் தம் அறிவால் உணர்ந்துகொள்கிறார். எழுத்து அதனை எடுத்துக் காட்டுவதில்லை.

ஆங்கிலத்தில் நிலைமை வேறு. அம்மொழியின் 26 எழுத்துகளும் இரண்டிரண்டு வடிவம் உடையவை. ஒரு சொல்லை எழுதத் தொடங்கும்போதே அது பெயரா, பொதுச்சொல்லா என்பதை எழுதுபவர் தீர்மானித்தாக வேண்டும். தீர்மானிக்காமல் தப்ப வழியில்லை. தமிழ்க் கவிதை ஆங்கிலத்துக்குச் செல்லும்போது, கவிஞர் சொல்லாமல் விட்ட ஒன்றை மொழிபெயர்ப்பாளர் சொல்லியே ஆகவேண்டிய கட்டாயம் இதனால் நேர்கிறது. எழுத்துக்கூட்டல் தொடர்பான சிறு செய்தி போலத் தோன்றும் இதனைக் கவிஞர் அவையில் ஆராய்வதற்கு அதுவே காரணம்.

பொது விதி எளியது. ஒருவரை, ஓரிடத்தை, ஒரு பொருளைத் தனித்துச் சுட்டி அழைக்கும் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கும். ஓர் இனத்தைக் குறிக்கும் பெயர் சிறிய எழுத்தில் தொடங்கும். ஆறு என்னும் பொருளுடைய 'ரிவர்' சிறிய எழுத்தில் வரும். 'காவேரி' பெரிய எழுத்தில் வரும். 'காவேரி ரிவர்' என்று இரண்டும் சேர்ந்து ஒரு பெயராகும்போது, 'ரிவர்' என்னும் பொதுச்சொல்லும் பெரிய எழுத்தைப் பெறுகிறது. பல்கலைக்கழகத்தைக் குறிக்கும் 'யுனிவர்சிட்டி' தனித்து நிற்கையில் சிறியது. சென்னைப் பல்கலைக்கழகம் என்று முழுப்பெயராக வருகையில் பெரியது. வங்கக் கடலின் ஆங்கிலப் பெயரான 'பே ஆஃப் பெங்கால்' என்பதில் முதற்சொல்லும் இறுதிச் சொல்லும் பெரிய எழுத்தைப் பெற, இடையில் உள்ள 'ஆஃப்' சிறியதாகவே நிற்கும். ஆங்கிலத்தின் பெரிய எழுத்து சொல்லின் பொருளைப் பார்த்து மட்டும் வருவதில்லை. அந்த இடத்தில் அச்சொல் செய்யும் தொழிலைப் பார்த்தே வருகிறது என்பது இவ்வெடுத்துக்காட்டுகளால் விளங்கும்.

உறவுப் பெயர்களில் இது இன்னும் நுட்பமாகும். 'என் அம்மா சொன்னாள்' என்னும் தொடரை ஆங்கிலமாக்கினால் அம்மாவைக் குறிக்கும் 'மதர்' சிறிய எழுத்தில் வரும். 'அம்மா சொன்னாள்' என்று மட்டும் இருந்தால் பெரிய எழுத்து வரும். முன்னதில் 'என்' என்னும் சொல், உறவு இன்னதெனக் காட்டுகிறது. பின்னதில் அம்மா என்பதே அவளுடைய பெயராகிவிடுகிறது. தமிழ்க் கவிஞர் இரண்டு இடத்திலும் அம்மா என்றே எழுதுகிறார். பிள்ளையின் வாயில் அச்சொல் பெயராக ஒலிக்கிறதா, உறவாக ஒலிக்கிறதா என்பதை அவர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார். மொழிபெயர்ப்பாளரோ ஒவ்வொரு முறையும் எண்ணிப் பார்க்க வேண்டியவராகிறார்.

கிழமைகளும் மாதங்களும் பெரிய எழுத்தில் தொடங்கும், பருவங்கள் தொடங்கா. ஏப்ரல் பெயர், கோடை பொதுச்சொல். திசையைக் குறிக்கையில் 'சவுத்' சிறியது. தென்னிந்தியா என்று நிலப்பகுதியின் பெயராகையில் அச்சொல்லே பெரியது. மொழிப்பெயரும் இனப்பெயரும் எவ்விடத்தும் பெரிய எழுத்தையே பெறும். 'ஒரு தமிழர் வந்தார்' என்னும் தொடரில், தமிழர் என்பது பலருக்கும் பொதுவாகலின் பொதுப்பெயர் போலத் தோன்றும். எனினும் ஆங்கிலத்தில் அது சிறிய எழுத்தை ஏற்பதில்லை. ஒரு புலவரைப் பாராட்டி 'இவர் ஒரு கம்பர்' என்று சொன்னால், கம்பர் என்பது அங்கே ஒரு வகையினரைக் குறிக்கிறது. ஆயினும் பெரிய எழுத்து மாறுவதில்லை. சங்கம் என்னும் சொல் சங்க இலக்கியத்தைச் சுட்டி வரும்போது பெரிய எழுத்தையும், ஏதேனும் ஒரு கூட்டமைப்பைப் பொதுவாகச் சுட்டும்போது சிறிய எழுத்தையும் பெறும்.

இவ்விடத்தில் தமிழ் பயின்றோருக்கு நேரும் ஒரு மயக்கத்தைச் சுட்டுதல் தகும். ஆங்கில இலக்கணத்தில் 'பிராப்பர் நவுன்' எனப்படுவதைச் சிறப்புப்பெயர் என்று மொழிபெயர்ப்பது பள்ளிகளில் வழக்கம். நன்னூல் வழிவந்த இலக்கணமும் பெயர்களை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என இரண்டாக்கி, ஒவ்வொன்றையும் பொது, சிறப்பு எனப் பகுக்கிறது. ஆனால் இரண்டு சிறப்பும் ஒன்றல்ல. மரம் என்பது இடுகுறிப் பொதுப்பெயர். மா, பலா என்பன இடுகுறிச் சிறப்புப்பெயர். பறவை என்பது காரணப் பொதுப்பெயர். மரங்கொத்தி என்பது காரணச் சிறப்புப்பெயர். ஆங்கில இலக்கணப்படி மாவும் பலாவும் மரங்கொத்தியும் பொதுப்பெயர்களே. மூன்றும் சிறிய எழுத்துக்கே உரியன. நன்னூலின் சிறப்பு, பேரினத்துள் ஒரு சிற்றினத்தைப் பிரித்துக் காட்டுவது. ஆங்கிலத்தின் 'பிராப்பர்', இனத்தைக் கடந்து ஒன்றனை மட்டும் பெயர் சொல்லி அழைப்பது. ஆகவே இவ்வுரையில் பின்னதனைத் தனிப்பெயர் என்றே குறிப்பது தெளிவுக்கு உதவும்.

மற்றொரு மயக்கம் நம் ஊர் அழைப்பிதழ்களில் காணப்படுவது. ஆங்கிலத்தில் அச்சிடப்படும் விழா அழைப்பிதழில் தலைவர், செயலாளர், சிறப்பு விருந்தினர், கவிஞர், பேராசிரியர் ஆகிய எல்லாச் சொற்களும் பெரிய எழுத்தில் நிற்கும். சிறிய எழுத்தில் அச்சிட்டால் அவமதிப்பாகிவிடுமோ என்னும் அச்சமே இதற்குக் காரணம். தமிழில் மதிப்பைக் காட்ட 'ஆர்' விகுதி உண்டு, 'அவர்கள்' உண்டு, பன்மை வினை உண்டு. அந்த மதிப்பையெல்லாம் ஆங்கிலத்தின் பெரிய எழுத்தின்மேல் ஏற்ற முயல்வது இயல்பே. ஆயினும் ஆங்கிலம் அதற்கு முழுதும் இசைவதில்லை. குடியரசுத் தலைவரைக் குறிக்கும் 'பிரசிடெண்ட்' என்னும் சொல், லிங்கன் என்னும் பெயருக்கு முன்னால் பட்டமாக வரும்போது பெரிய எழுத்தைப் பெறுகிறது. பெயரின்றிப் பதவியாக மட்டும் வரும்போது, இன்றைய ஆங்கில நடைக் கையேடுகள் பலவும் அதனைச் சிறிய எழுத்திலேயே எழுதச் சொல்கின்றன. பதவி இழிந்துவிட்டது என்பது பொருளன்று. அவ்விடத்தில் அது பெயராக இல்லை என்பதே பொருள். தன்மை ஒருமையான 'ஐ' என்பதை ஆங்கிலம் எப்போதும் பெரிய எழுத்தில் எழுதுகிறது; எதிரில் இருப்பவரைக் குறிக்கும் சொல்லைச் சிறியதாக எழுதுகிறது. ஜெர்மானிய மொழியோ, தன்னைக் குறிக்கும் சொல்லைச் சிறியதாகவும் மதிப்புக்குரிய முன்னிலைச் சொல்லைப் பெரியதாகவும் எழுதுகிறது. ஆங்கிலத்தின் பெரிய எழுத்தை மரியாதையின் அளவுகோலாகக் கொள்ளலாகாது என்பதற்கு இவ்வொன்றே போதும்.

ஆங்கிலமும் எக்காலத்தும் இவ்வாறு இருந்ததில்லை. உரோமானியரின் கல்வெட்டுகள் பெரிய வடிவ எழுத்துகளாலேயே அமைந்தன. 8-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சார்லமேன் மன்னர் காலத்தில் செம்மைப்பட்ட சிறிய எழுத்து முறை ஐரோப்பிய ஏடுகளில் பரவியது. இரண்டும் ஒரே பக்கத்தில் கலந்து வாழத் தொடங்கியபின் எதற்கு எது என்னும் வினா எழுந்தது. அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பவர் பெரிய எழுத்துகளை மேலுள்ள அறைப்பெட்டியிலும் சிறிய எழுத்துகளைக் கீழுள்ள பெட்டியிலும் வைத்தனர். 'அப்பர் கேஸ்', 'லோயர் கேஸ்' என்னும் வழக்கு அப்பெட்டிகளிலிருந்து வந்ததே.

17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் ஆங்கில நூல்களில் பொதுப்பெயர்களும் மிகுதியாகப் பெரிய எழுத்தில் அச்சாயின. 1726-இல் வெளிவந்த சுவிஃப்டின் 'கலிவரின் பயணங்கள்' முதற்பதிப்பில் இதனைக் காணலாம். 1787-இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பின் மூலப்படியிலும் பொதுப்பெயர்கள் பெரிய எழுத்துடன் நிற்கின்றன. அந்நூற்றாண்டு முடிவதற்குள் வழக்கம் தளர்ந்து, பெரிய எழுத்து தனிப்பெயரின் உரிமையாகச் சுருங்கியது. ஜெர்மானிய மொழி இன்றும் எல்லாப் பெயர்ச்சொல்லையும் பெரிய எழுத்தில் எழுதுகிறது. அதே மொழியின் பேரறிஞர் யாக்கோப் கிரிம் இவ்வழக்கத்தை எதிர்த்தார். 1854-இல் முதல் தொகுதி வெளிவந்த தம் அகராதியில் பொதுப்பெயர்களைச் சிறிய எழுத்திலேயே அமைத்தார். டேனிய மொழி 1948-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தால் பொதுப்பெயர்களின் பெரிய எழுத்தைக் கைவிட்டது. ஆக, இவ்விதி இயற்கை தந்ததன்று. மக்கள் கூடி வகுத்தது, மக்களால் மாற்றத்தக்கது.

மக்கள் வகுத்தது என்றால் எந்த மக்கள் என்னும் வினா உடன் எழுகிறது. எது பெயர், எது பொதுச்சொல் என்று தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது? இவ்வினாவின் முன் எழுத்துக்கூட்டல் என்பது வாழ்வுச் சிக்கலாக மாறுகிறது.

தனிப்பெயர் பொதுச்சொல்லாக இறங்கிவருவது மொழியில் இயல்பாக நிகழ்வதே. 1880-இல் அயர்லாந்து உழவர்கள் சார்லஸ் பாய்காட் என்னும் பண்ணை மேலாளருடன் எல்லாத் தொடர்பையும் அறுத்தனர். அவர் பெயரே புறக்கணிப்பைக் குறிக்கும் சொல்லாயிற்று. இன்று அது சிறிய எழுத்தில் எழுதப்படுகிறது. ஜேம்ஸ் வாட், அலெஸாண்ட்ரோ வோல்டா ஆகியோரின் பெயரால் அமைந்த வாட், வோல்ட் என்னும் அலகுகளைச் சொல்லாக எழுதும்போது சிறிய எழுத்தே விதி. குறியீடாக எழுதும்போது மட்டும் பெரிய எழுத்து. இங்கே பெயர் சிறிய எழுத்துக்கு வந்தது இழிவன்று. உலகம் முழுவதும் கைக்கொள்ளும் சொல்லாயிற்று என்னும் பெருமையே அது.

ஆனால் தமிழ் மண்ணிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்ற ஒரு பெயரின் கதை அப்படிப்பட்டதன்று. பறை தமிழின் தொன்மையான சொற்களுள் ஒன்று. முழங்கும் கருவியைக் குறிக்கும், சொல்லுதலையும் குறிக்கும். அக்கருவியோடு தொடர்புபடுத்திப் பொருள் கூறப்படும் பறையர் என்பது ஒரு மக்கட் சமுதாயத்தின் பெயர். அப்பெயர் 17-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கில எழுத்துகளில் இடம்பெற்றுவிட்டது. காலப்போக்கில் அது அச்சமுதாயத்தைக் குறிப்பதை விட்டு, எவராலும் ஒதுக்கப்பட்ட யாரையும் எதனையும் குறிக்கும் பொதுச்சொல்லாயிற்று. 'பரையா' என்று ஒலித்து, சிறிய எழுத்தில் தொடங்கி, இன்றும் ஆங்கில நாளிதழ்களில் அது வழங்குகிறது. உலக நாடுகள் ஒதுக்கிவைத்த நாட்டை 'பரையா ஸ்டேட்' என்று எழுதுவோர் பலர், தாம் ஒரு மக்களின் பெயரை எழுதுகிறோம் என்று அறியமாட்டார்கள். உயிரோடு வாழும் மக்களின் தனிப்பெயர், அவர்களைக் கேளாமலே, ஒதுக்கப்படுதல் என்னும் பொருளுக்குரிய பொதுப்பெயராக்கப்பட்டது. பெரிய எழுத்து சிறிய எழுத்தாக மாறியதில் அந்த நிகழ்ச்சி முழுவதும் பதிந்திருக்கிறது.

அதே காலத்தில் தமிழகத்தில் நிகழ்ந்ததை இதனோடு சேர்த்து நோக்க வேண்டும். 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் ஓர் இதழைத் தொடங்கி, அதற்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். பிறர் இழிசொல்லாக வழங்கியதைத் தலை நிமிர்ந்து தம் இதழின் முகப்பில் ஏற்றினார். ஆங்கிலம் பொதுச்சொல்லாக்கிய ஒன்றை மீண்டும் பெயராக்கிய செயல் அது. அயோத்திதாசப் பண்டிதர் வேறொரு வழியைத் தேர்ந்தார். 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் இதழைத் தொடங்கினார். அது பின்னர் 'தமிழன்' ஆயிற்று. எம். சி. ராஜா முதலியோரின் முயற்சியால் 1922-இல் சென்னை மாகாண அரசு ஆதிதிராவிடர் என்னும் பெயரை ஏற்றது. வழிகள் வேறாயினும் கோரிக்கை ஒன்றே: எங்களை எப்பெயரால் அழைப்பது என்பதை நாங்களே சொல்வோம் என்பது.

மராத்தி வழியே பரவிய தலித் என்னும் சொல்லின் பயணம் எதிர்த்திசையில் அமைந்தது. நசுக்கப்பட்டவர், உடைக்கப்பட்டவர் என்னும் பொருளுடைய பொதுச்சொல் அது. 1972-இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் இயக்கம் தோன்றியபின் அது நாடெங்கும் ஒரு பெயராகப் பரவியது. ஆங்கிலத்தில் பெரிய எழுத்தையும் பெற்றது. ஒரு பெயர் மேலிருந்து கீழே தள்ளப்பட்டது. ஒரு பொதுச்சொல் கீழிருந்து எழுந்து பெயராயிற்று. இரண்டையும் அடுத்தடுத்து எழுதிப் பார்ப்பவருக்கு முதலெழுத்தின் அளவு சொல்லும் வரலாறு புலப்படும்.

அமெரிக்கக் கறுப்பின மக்கள் இப்போராட்டத்தை வெளிப்படையாகவே நடத்தினர். அந்நாட்டு இதழ்கள் பலவும் 'நீக்ரோ' என்னும் பெயரைச் சிறிய எழுத்தில் அச்சிட்டுவந்தன. பிற இனப்பெயர்களுக்குப் பெரிய எழுத்து இருந்தது. டு பாய்ஸ் 1899-இல் வெளியிட்ட பிலடெல்பியா பற்றிய ஆய்வு நூலின் அடிக்குறிப்பொன்றில், அம்மக்கள் ஒரு பெரிய எழுத்துக்கு உரிமையுடையவர்கள் என்று தம் நிலையைப் பதிவு செய்தார். நீண்ட வேண்டுகோள்களுக்குப் பிறகு 1930 மார்ச் 7-ஆம் நாள் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் அதனைப் பெரிய எழுத்தில் அச்சிடுவதாக அறிவித்தது. பின்னர் அப்பெயரையே அம்மக்கள் விலக்கினர். 'பிளாக்' என்னும் சொல் வழக்குக்கு வந்தது. அது நிறத்தின் பெயராகலின் சிறிய எழுத்தே போதும் என்றனர் பலர். 2020 மே மாதத்தில் ஜார்ஜ் ஃபிளாய்ட் காவலர் பிடியில் உயிரிழந்தபின் எழுந்த கொந்தளிப்பின் இடையே, அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் அவ்வாண்டு ஜூன் மாதத்தில் மக்களைக் குறிக்கும் இடத்தில் அச்சொல்லைப் பெரிய எழுத்தில் எழுதத் தொடங்கியது. நிறம் பொதுச்சொல்; மக்கள் பெயர். வேறுபாடு இவ்வளவே. இதனை அச்சில் ஏற்றத் தலைமுறைகள் தேவைப்பட்டன.

இனிக் கவிஞர்கள் இக்கருவியைக் கையாண்ட விதத்தைக் காணலாம். அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் ஏறத்தாழ 1800 பாடல்கள் எழுதினார். வாழ்நாளில் அச்சேறியவை மிகச் சில. அவர் பொதுப்பெயர்கள் பலவற்றை வரியின் நடுவிலும் பெரிய எழுத்தில் எழுதினார். 1890-இல் முதல் தொகுதியை வெளியிட்டவர்கள் அவற்றைத் தவறெனக் கருதித் திருத்தினர். 1955-இல் தாமஸ் ஜான்சன் பதிப்பித்தபோதே அப்பெரிய எழுத்துகள் மீண்டன. ஒரு பொதுச்சொல்லை இவர் ஏன் பெயர்போல் அழைக்கிறார் என்று வாசகர் நின்று எண்ண அறுபத்தைந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஈ. ஈ. கம்மிங்ஸ் மாறாகத் தன்மை ஒருமையைச் சிறிய எழுத்தில் எழுதினார். அவர் தம் பெயரையும் சட்டப்படி சிறிய எழுத்தாக்கிக்கொண்டார் என்று சொல்லப்படுவது உண்மையன்று. சிந்தனையாளர் பெல் ஹுக்ஸ் தம் கொள்ளுப்பாட்டியின் பெயரைப் புனைபெயராகக் கொண்டு, அதனைச் சிறிய எழுத்துகளால் எழுதினார். எழுதியவரினும் எழுத்தின் பொருளே நோக்கப்படவேண்டும் என்பது அவர் கருத்து. ஒருவர் பெரிய எழுத்தைக் கேட்டுப் போராடுவதும் மற்றொருவர் தாமே அதனைத் துறப்பதும் முரணல்ல. துறக்கும் உரிமை, முதலில் பெற்றவருக்கே உண்டு.

தமிழ் நூல்கள் ஆங்கிலம் புகும்போது நேர்வனவற்றுள் ஒன்றை மட்டும் கருதலாம். ஜி. யு. போப் 1886-இல் திருக்குறளை ஆங்கிலச் செய்யுளாக்கி வெளியிட்டார். முதல் அதிகாரத்துக்குக் கடவுளின் புகழ் என்னும் பொருளில் தலைப்பிட்டார். அவ்வதிகாரத்துள் எந்த ஒரு சமயத்தின் கடவுட்பெயரும் வெளிப்படக் கூறப்படவில்லை என்பது பெரும்பாலோர் போற்றும் செய்தி. கடவுள் என்பது தமிழில் பொதுப்பெயர். ஆங்கிலத்தின் 'காட்' பெரிய எழுத்தில் வரும்போது, ஒரே இறைவனின் தனிப்பெயர் போல நிற்கும். சிறிய எழுத்தில் வரும்போது, பல தெய்வங்களுள் ஒன்று என்னும் பொருளைத் தரும். வள்ளுவர் இரண்டனுள் எதனையும் தேர்ந்து சொல்லவில்லை. ஆங்கில எழுத்து அவரைத் தேர்ந்து சொல்ல வைக்கிறது. இதில் போப்பின் குறை ஏதுமில்லை. அம்மொழியில் நடுநிலையான எழுத்து வடிவம் இல்லை என்பதே உண்மை.

இவ்வளவும் நோக்கியபின், பெரிய எழுத்து இல்லாத தமிழ் இவ்வேறுபாட்டை அறியாததோ என்று எவரேனும் கருதக்கூடும். அறிந்ததோடு, கவிதையின் அடிப்படை விதியாகவே அதனை வைத்தது. அன்பின் ஐந்திணைப் பாடல்களில் காதலர் எவரையும் இயற்பெயரால் சுட்டலாகாது என்பது தொல்காப்பியம் அகத்திணையியலில் கூறும் முறை. அகத்துள் வாழ்வோர் தலைவன், தலைவி, தோழி, செவிலி என்னும் பொதுப்பெயரினரே. புறத்திலோ பாரி, அதியமான், கரிகாலன் எனப் பெயர் முழங்கும். பெயர் சொன்னால் அது அவர் ஒருவரின் காதலாகிவிடும்; சொல்லாதபோது எல்லோருடைய காதலும் ஆகும். அகப்பாடலை ஆங்கிலமாக்கும் ஒருவர் தலைவன், தலைவி என்பவற்றைப் பெரிய எழுத்தில் எழுதினால், நூலோர் காத்த பொதுமையில் ஒரு கீறல் விழும். ஏ. கே. இராமானுசன் தம் மொழிபெயர்ப்புகளில் 'அவள் சொன்னது', 'அவன் சொன்னது' என்னும் பொருள்படச் சுட்டுப்பெயர்களையே தலைப்பாக்கியது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது.

தமிழ் உரையாசிரியரின் கூர்மை இதற்கு மேலும் சென்றது. நக்கீரரின் நெடுநல்வாடையில் பாட்டுடைத் தலைவனின் பெயர் எங்கும் இல்லை. பாசறையில் இருக்கும் அரசனும் அரண்மனையில் வருந்தும் அரசியும் பெயரின்றியே வருகின்றனர். எனினும் வேலில் வேம்பு கட்டப்பட்ட செய்தி பாட்டில் உள்ளது. வேம்பு பாண்டியரின் அடையாளப்பூ. அச்சொல் ஒருவரைச் சுட்டிவிட்டது என்று கருதி, நச்சினார்க்கினியர் அப்பாட்டை அகமன்று, புறமே என்றார். ஆங்கிலத்தில் எழுதினால் வேம்பு சிறிய எழுத்தில்தான் வரும். எந்த இலக்கணமும் அதற்குப் பெரிய எழுத்துத் தராது. ஆயினும் அந்த ஒரு பொதுச்சொல் ஒரு தனிப்பெயரின் வேலையைச் செய்து முடித்தது. எழுத்தின் அளவு காட்டாததைக் கேட்கும் செவி கண்டறிந்தது.

ஆதலின் ஆங்கிலத்தின் விதியைக் கற்பது தேவை. அவ்விதியோடு நின்றுவிடுவது போதாது. மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு பெயர்ச்சொல்லிடத்தும் மூன்று வினாக்களைக் கேட்டுக்கொள்ளலாம். இச்சொல் இவ்விடத்தில் அழைக்கிறதா, வகைப்படுத்துகிறதா? கவிஞர் வேண்டுமென்றே பெயரை மறைத்தாரா? இது ஒரு மக்களைக் குறிக்கும் சொல்லாயின், அம்மக்கள் தம்மை எவ்வாறு எழுதிக்கொள்கின்றனர்? முதல் வினாவுக்கு இலக்கணம் விடை தரும். இரண்டாவதற்குக் கவிதை விடை தரும். மூன்றாவதற்கு அம்மக்களே விடை தர வேண்டும். தம் கவிதை ஆங்கிலமாகும்போது கவிஞர்களும் அம்மா, ஊர், ஆறு, சாமி முதலிய சொற்களை எவ்வாறு கருதினர் என்பதைத் தயங்காமல் சொல்ல வேண்டும். சொல்லாவிடில் அச்சுக்கூடமே அதனைத் தீர்மானித்துவிடும்.

பாமாவின் 'கருக்கு' 1992-இல் வெளிவந்தது. பனைமட்டையின் இருபுறமும் அறுக்கும் விளிம்பைக் குறிக்கும் நாட்டுப்புறப் பொதுச்சொல் அது. 2000-இல் இலட்சுமி ஹோம்ஸ்ட்ராம் ஆங்கிலமாக்கியபோது அச்சொல்லை மாற்றாமல் அப்படியே தலைப்பாக வைத்தார். நூலின் பெயராகலின் அது பெரிய எழுத்தில் நிற்கிறது. பனங்காட்டுப் பொதுச்சொல் ஒன்று உலகம் அறிந்த பெயராகிவிட்டது.

இதற்கு முன்னோடியும் தமிழிலேயே உண்டு. குறுந்தொகையின் 40-ஆம் பாட்டைப் பாடியவரின் இயற்பெயர் மறைந்துவிட்டது. செம்மண் நிலத்தில் பெய்த மழைநீரை அவர் உவமையாக்கினார். அவ்வுவமையே அவருக்குப் பெயராகிச் செம்புலப்பெயனீரார் என்று வழங்குகிறார். அடுத்த பாட்டின் ஆசிரியர் அணிலாடு முன்றிலார். 131-ஆம் பாட்டின் ஆசிரியர் ஓரேருழவர். மண், மழை, அணில், முற்றம், ஏர் எல்லாம் பொதுப்பெயர்களே. ஆங்கில நூலில் அச்சொற்கள் பாட்டின் உள்ளே சிறிய எழுத்தில் வரும். பாட்டின் அடியில் ஆசிரியர் பெயராகப் பெரிய எழுத்தில் வரும். பாட்டினுள் எவர் பெயரையும் சொல்லாத புலவருக்கு அப்பாட்டின் பொதுச்சொல்லே தனிப்பெயரைக் கொடுத்தது.